48இலேயே நின்ற விளக்கு

நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் கோப்பாக (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக் கோப்பு) வாங்கிக் கணினியில் போட்டால், டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஒலிச் சைகையாக மாற்றும்) பெட்டியில், வரும் பாட்டின் கிலோஹெர்ட்ஸைக் காட்டும் விளக்குகளில் 48தான் எரிந்தது. யாழ்ப்பாணம் டவுனில் புது யூஎஸ்பி வயர் வாங்கி மாற்றினேன்; டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். பலனில்லை.

பிறகுதான் கவனித்தேன்: 44.1இல் உள்ள சீடி பாட்டுக்கும் அதே 48! வயர் பழுதென்றால் சத்தம் விட்டுவிட்டு வரும், இப்படி ஒரே எண்ணில் நிற்காது. எல்லாச் செயலிகளின் சத்தத்தையும் கலக்கும் விண்டோஸ் மிக்சர்தான் எல்லாவற்றையும் ஒரே கிலோஹெர்ட்ஸ் வேகத்துக்கு மாற்றி அனுப்புகிறது. ஒலி அமைப்பில் 96 என்று வைத்தால் சீடி பாட்டும் 96 ஆகிவிடும்; அது தீர்வல்ல.

நான் பாட்டுக் கேட்கும் ஃபூபார்2000 செயலியின் அவுட்புட் பட்டியலில், டாக்கின் பெயரோடு 'எக்ஸ்க்ளூசிவ்' (மிக்சரைத் தவிர்த்து, டாக்கை ஃபூபார் மட்டுமே பிடித்துக்கொள்ளும் முறை) என்று இருப்பதைத் தெரிவுசெய்தேன். உடனே 96 எரிந்தது. சீடி பாட்டுக்கு 44.1. அப்பாடா! பாட்டு ஓடும்போது பிரவுசரில் சத்தம் வராது, பயப்பட வேண்டாம்.