தூரத்தை 900-ஆல் வகுத்தால் விமான நேரம் வராது

இரண்டு ஊர்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, அதை மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்துவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு. அந்த வேகம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மட்டும்தான். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எதுவும் அந்தக் கணக்கில் சேராது. டிக்கெட்டில் இருக்கும் நேரமோ, பயணிகள் ஏறும் விமான நிலைய கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊர் கேட்டில் நிற்கும்வரைக்குமானது.

போகும் நேரமே திரும்பும் நேரம் என்று எடுத்துக்கொள்வது அடுத்தது. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர். லண்டனுக்குப் போக 7 மணி நேரம் போதும். திரும்பி வர ஏறக்குறைய 8 ஆகும். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றுதான் காரணம். 2020 பிப்ரவரியில் புயல் சமயத்தில் இந்தக் காற்று வலுத்திருந்தபோது, ஒரு பயணிகள் விமானம் 5 மணி நேரத்துக்கும் குறைவாகவே லண்டன் வந்து சேர்ந்தது. குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் வலுவாக இருக்கும் என்பதால், கோடையில் பார்த்த நேரம் ஜனவரிக்கு அப்படியே பொருந்தாது.

தூரம் குறைவான வழிதான் சீக்கிரம் போய்ச் சேரும் என்பதும் சரியில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் சுமார் 15,300 கிலோமீட்டர். ஆனால் பின்னாலிருந்து தள்ளும் காற்றுக்காக, வட பசிபிக் கடல் வழியாகச் சுற்றிப் போகும் விமானங்கள் உண்டு. கிலோமீட்டர் கூடும், நேரம் குறையும்!

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடாதீர்கள். டோக்கியோ–நியூயார்க் வழி அலாஸ்கா பக்கமாக வளைவது சுற்றுவழி மாதிரி தெரியும். குளோபில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் குறுக்குவழி என்று புரியும். சரி, அந்தக் குறுக்குவழியில் எப்போதும் பறக்க முடியுமா? அதுவும் இல்லை. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரம்வரை நீண்டது. இரண்டு நகரங்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. பழைய தகவலை நம்பித் திட்டமிட்டவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அப்புறம் கடிகாரக் குழப்பம். கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறி 10 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சலிஸில் அதே தேதி காலை 11 மணி. கிளம்பும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம்! டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். நேர வித்தியாசமும் ஆண்டு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. லண்டனுக்கும் சிட்னிக்கும் அது மாதத்தைப் பொறுத்து 9, 10 அல்லது 11 மணி நேரம்.

தூரம் மைலில் இருந்தால் எந்த மைல் என்று பாருங்கள். விமானத் துறையின் கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609. விமான எண் ஒன்றுதானே என்று நடுவில் எங்கும் நிற்காது என்றும் நினைக்க வேண்டாம். டிக்கெட்டில் ‘நிறுத்தங்கள்’ என்ற இடத்தைப் பாருங்கள். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டுமென்றால், விமானங்களைப் பின்தொடரும் இணையதளம் ஒன்றில் அதே விமானம் கடந்த ஒரு வாரமாக எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.