பழைய ரிலீஸுக்கு ஆப்ஜெக்ட் அனுப்பும் முன்

ஐபிஎம்மின் ஆபரேட்டிங் சிஸ்டமான ஐபிஎம் ஐ-இல், பழைய ரிலீஸில் (பதிப்பில்) சேவ் செய்த ஆப்ஜெக்டை, அதாவது புரோகிராம், ஃபைல் போன்றவற்றைப், புதியதில் ரிஸ்டோர் செய்வது பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடியும். தலைவலி எதிர்த்திசையில்தான். உங்கள் மெஷின் 7.5-இல் இருக்கிறது, பெறுபவரிடம் 7.4 என்றால், வழக்கம்போல் சேவ் செய்த சேவ் ஃபைலை (சேவ் செய்தவை அடங்கிய ஃபைலை) அங்கே ரிஸ்டோர் செய்ய முடியாது. காரணம், ஆப்ஜெக்ட்களை சேவ் செய்யும் எஸ்ஏவிஓபிஜே கமாண்டில் டார்கெட் ரிலீஸ் (டிஜிடிஆர்எல்எஸ்) என்ற பாராமீட்டரைத் தொடாமல் விட்டால், அது ஸ்டார் கரண்ட், அதாவது உங்கள் மெஷினின் ரிலீஸையே எடுத்துக்கொள்ளும். அந்தப் பாராமீட்டரில் வி7ஆர்4எம்0 (அதாவது 7.4) என்று கொடுங்கள். முழு லைப்ரரியையும் சேவ் செய்யும் எஸ்ஏவிஎல்ஐபி கமாண்டுக்கும் இதேதான். எத்தனை ரிலீஸ் பின்னால் போகலாம் என்பதற்கு எல்லை உண்டு. பாராமீட்டரில் எஃப்4 அழுத்தினால் தெரியும்.

புரோகிராம்களுக்கு இது மட்டும் போதாது, இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கம்பைல் செய்யும்போதே டார்கெட் ரிலீஸ் பழையதாக இருக்க வேண்டும். 7.5-க்கென்று கம்பைலான புரோகிராமை 7.4-க்கு சேவ் செய்யச் சொன்னால் சிஸ்டம் அதை சேவ் செய்யாமல் விட்டுவிடும். புரோகிராமின் விவரங்களைக் காட்டும் டிஎஸ்பிபிஜிஎம் கமாண்டைக் கொடுத்துப் பாருங்கள்: இந்தப் புரோகிராம் ஓடக்கூடிய மிகப் பழைய ரிலீஸ் எது என்று ஒரு வரி இருக்கும். அனுப்பும் முன் அதைப் பார்ப்பது என் கட்டாயப் பழக்கம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

அப்புறம், சேவ் முடிந்ததும் ஜாப் லாகைப் (அந்த வேலையின் செய்திப் பதிவைப்) படியுங்கள். எத்தனை ஆப்ஜெக்ட் சேவ் ஆனது, எத்தனை விடுபட்டது என்று அதில் இருக்கும். சேவ் ஃபைலை எஃப்டிபியில் அனுப்பினால் பைனரி மோடில் அனுப்புங்கள்.