அடுக்குமாடி வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலும் நட்சத்திரமும் அமைத்தல்

சென்னை போன்ற நகரில் ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, ஒரு சிறிய பால்கனி கொண்ட அடுக்குமாடி வீட்டைக் கிறிஸ்துமஸுக்கு அலங்கரிக்க நினைப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன்பே, இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடிலை எங்கே வைப்பது என்று தீர்மானித்துவிட வேண்டும். ஊரில் தனிவீடுகளில் முற்றத்தில் குடிலும், வேப்பமரக் கிளையில் நட்சத்திரமும், திண்ணை நெடுகச் சீரியல் விளக்கும் தாராளமாக இடம் பிடித்துக்கொள்ளும். அடுக்குமாடி வீட்டில் அப்படிச் செய்ய இடமில்லை. ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் ஜிகினாவும் கொஞ்சம் விளக்கும் தொங்கவிட்டால் கண் எதிலும் நிலைக்காது. ஹாலில் ஒரு மூலையைக் குடிலுக்கும், பால்கனியை நட்சத்திரத்துக்கும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை மீதமிருக்கும் இடத்துக்கேற்ப வைத்துக்கொள்வதே சரியான முறை என்பது என் உறுதியான கருத்து.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம் என்பதால், எல்லாவற்றையும் ஒரே இரவில் கட்டி முடிக்க வேண்டிய அவசரம் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் நட்சத்திரம், 14 அல்லது 15ஆம் தேதி குடிலில் புல்லாக வைக்கும் தானியத்தின் விதைப்பு, 20ஆம் தேதிக்குப் பிறகு குடில் என்று பிரித்துக்கொண்டால், வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நிதானமாகச் செய்யலாம்.

நட்சத்திரத்தைப் பொறுத்தவரை நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்யும். சில ஆண்டுகளில் அந்த மாதத்திலேயே புயலும் வரும். ஆகவே திறந்த பால்கனியில் காகித நட்சத்திரத்தைத் தொங்கவிட வேண்டாம். அங்கே பிளாஸ்டிக் நட்சத்திரமே தாங்கும். காகித நட்சத்திரத்தின் மென்மையான வெளிச்சத்தை விரும்புபவர்கள் அதை ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறம் தொங்கவிட்டால், தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கும் அழகாகத் தெரியும். எந்த நட்சத்திரமானாலும் உள்ளே குறைந்த வாட் எல்இடி பல்பு மட்டுமே இருக்கட்டும். பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகும், தீப்பற்றவும் கூடும். மேலே ஒரு கயிறு மட்டும் கட்டினால் காற்றில் சுழன்று ஒயர் முறுக்கிக்கொள்ளும் என்பதால், கீழ் முனையிலும் ஒரு நைலான் கயிறு கட்டிக் கம்பியோடு இழுத்துப் பிணைக்க வேண்டும். ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்பாக அதைத் தொட்டில் போலத் தாழ்த்தித் தொங்கவிட்டால், மழைநீர் ஒயர் வழியாகப் பிளக்குக்கு வராமல் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். ஒயர் இணைப்புகள் எதுவும் வெளியே இருக்கக் கூடாது.

இனிக் குடில். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசி நகர் பிரான்சிஸ் என்ற துறவி கிறிஸ்துமஸ் இரவைக் காட்சியாக அமைத்தபோது, வைக்கோல் இட்ட தீவனத் தொட்டியும் உயிருள்ள ஒரு மாடும் ஒரு கழுதையுமே அதன் மையமாக இருந்தன. இடம் குறைவாக உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். குழந்தை இயேசு, மரியாள், சூசை, ஒரு மாடு, ஒரு கழுதை, ஓர் இடையர், ஓர் ஆடு ஆகிய சுரூபங்கள், அதாவது சிறு உருவப் பொம்மைகள், இருந்தாலே குடில் நிறைவாகிவிடும். குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் கொலு பொம்மைகளோடு குடில் பொம்மைகளும் செய்கிறார்கள். களிமண் சுரூபங்களின் முகத்தில் இருக்கும் கனிவு அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் வருவதில்லை.

மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட மேசை போதும். பின்பக்கத்தில் அட்டைப்பெட்டிகளை உயரமாகவும் முன்பக்கம் வரத் தாழ்வாகவும் அடுக்கி, மேலே பழைய துணியைப் போர்த்துங்கள். மலைக்கு, பழுப்புக் காகிதத்தை நன்றாகக் கசக்கி விரித்து, பஞ்சுத் துண்டால் கறுப்பு, பச்சை, காவி வண்ணங்களை அங்கங்கே ஒற்றிக் காயவிட்டு, மீண்டும் கசக்கிப் பெட்டிகளின் மேல் படியவைத்தால் பாறையின் மடிப்புகள் தாமாகவே கிடைத்துவிடும். முழுப் பரப்புக்கும் ஒரே சீராக வண்ணம் பூசினால் அது காகிதமாகவே தெரியும். சிறிய வீடுகளும் சிறிய ஆடுகளும் மலையின் மேல், பெரிய சுரூபங்கள் முன்னால் என்று வைத்தால், இரண்டடி ஆழத்திலும் தொலைவு தோன்றும்.

குடிலுக்கு உயிர் தருவது பச்சை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் புல்விரிப்பைவிட, வீட்டிலேயே முளைக்கவைத்த கேழ்வரகோ கோதுமையோ பல மடங்கு அழகு. தானியத்தை ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் ஓரிரு நாளில் முளை விடும். தட்டையான தட்டுகளில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தென்னைநார்க் கழிவோ மண்ணோ பரப்பி, முளைகளை நெருக்கமாகத் தூவி, தினமும் இருவேளை நீர் தெளித்துவர வேண்டும். முளைப்பாரி வளர்த்தவர்களுக்குத் தெரியும், இருட்டில் வளரும் பயிர் மஞ்சளாக நீளும். குடிலுக்குப் பச்சை வேண்டும் என்பதால், முளை எழுந்ததும் தட்டுகளை வெளிச்சமுள்ள ஜன்னலோரத்துக்கு மாற்றிவிடுங்கள். எட்டுப் பத்து நாளில் சரியான உயரத்துக்கு வந்துவிடும். ஓர் ஆண்டு நான் டிசம்பர் தொடக்கத்திலேயே கோதுமையை விதைத்துவிட்டேன்; 24ஆம் தேதிக்குள் அது அளவுக்கு மீறி வளர்ந்து சாய்ந்து, இடையர்களை முழுவதுமாக மறைத்துவிட்டது. அப்படி நேர்ந்தால் கத்தரிக்கோலால் இரண்டு அங்குலத்துக்கு நறுக்கிவிடலாம். கடைசி நேரத்தில் நினைவு வந்தவர்களுக்குக் கடுகு உதவும். அது ஐந்தாறு நாளிலேயே பச்சைகட்டிவிடும்.

குடிலுக்குள் ஒரே ஒரு மஞ்சள் விளக்கை, பல்பு கண்ணில் படாதபடி கூரையின் உட்புறம் மறைத்து வையுங்கள். பல வண்ணத்தில் மின்னி மின்னி அணையும் சீரியல் செட் சுரூபங்களின் மேல் விழுந்தால் முகங்கள் தெரியாமல் போய்விடும். அதை ஜன்னலுக்கோ மரத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். வைக்கோலும் காகிதமும் இருக்கும் இடம் என்பதால், குடிலுக்குள் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. பனி என்று பஞ்சை அள்ளிப் போடுவதும் அதே காரணத்தால் ஆபத்து; பெத்லகேமின் இடையர்கள் வயல்வெளியில் இரவெல்லாம் காவல் இருந்தவர்கள், அவர்களுக்குப் பனியைவிடப் புல்லே பொருத்தம்.

24ஆம் தேதி இரவு வரை தீவனத் தொட்டி வெறுமையாக இருக்க வேண்டும். நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகு வீட்டின் இளைய பிள்ளை குழந்தை இயேசுவைக் கொண்டுவந்து வைக்கட்டும். ராஜாக்கள் இருந்தால், அவர்களை ஹாலின் மறுகோடியில் புத்தக அலமாரியில் நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6ஆம் தேதி குடிலுக்கு வந்து சேரச் செய்யலாம். பிள்ளைகள் வேறெந்த அலங்காரத்தையும்விட இதில்தான் அதிகம் ஈடுபடுவார்கள்.

மரத்துக்கு இடம் இருந்தால், நம் பக்கத்து வழக்கப்படி ஒரு சவுக்குக் கிளையை மணல் நிரப்பிய வாளியில் ஊன்றுங்கள். சவுக்கு விரைவில் காய்ந்து எளிதில் பற்றும் என்பதால், அதில் எல்இடி விளக்கு மட்டுமே சுற்ற வேண்டும்; தூங்கப் போகும் முன் அணைத்துவிடவும் வேண்டும்.

வாசலில் ஒரு நட்சத்திரக் கோலம் போதுமானது. பொது நடைபாதையிலும் படிக்கட்டிலும் மரமோ ஒயரோ வைக்க வேண்டாம்; அவசரத்தில் எல்லாரும் இறங்கி ஓட வேண்டிய வழி அது. வாடகை வீடானால் சுவரில் ஆணி அடிக்காமல் திரைச்சீலைக் கம்பியையும் ஜன்னல் கிரில்லையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பிரிக்கும்போது சுரூபங்களை ஒவ்வொன்றாகப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, கனமானவை அடியிலும் குழந்தை இயேசு மேலேயுமாகப் பெட்டியில் அடுக்குங்கள். சீரியல் விளக்கைப் பந்தாகச் சுருட்டாமல் ஓர் அட்டையில் சுற்றி வைத்தால், அடுத்த டிசம்பரில் சிக்கெடுக்கும் வேலை இருக்காது. முளைத்த தானியத்தை மண்ணோடு பூந்தொட்டியில் கவிழ்த்துவிடுங்கள், அது உரமாகிவிடும்.