தட்சிணாமூர்த்தி வேறு, குரு பகவான் வேறு

வியாழக்கிழமை சிவன் கோயிலுக்குப் போனால் தட்சிணாமூர்த்தி சன்னதியில் கொண்டைக்கடலை மாலையும் மஞ்சள் துணியுமாகக் குவிந்திருக்கும். அவை நவகிரகங்களில் ஒருவரான வியாழனுக்கு, அதாவது குரு பகவானுக்கு உரியவை. தட்சிணாமூர்த்தி சாட்சாத் சிவபெருமான். கருவறையின் தெற்குச் சுவர் மாடத்தில், தெற்கு நோக்கி, கல்லால மரத்தடியில் அமர்ந்திருப்பவர். கிரகப் பரிகாரம் செய்வதானால் நவகிரக சன்னதியில் உள்ள குருவுக்குச் செய்யுங்கள். (குரு தலமான திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியில் தட்சிணாமூர்த்தியையே குருவாகக் கொண்டு வழிபடுவது மரபு. அங்கே அந்தக் கோயில் வழக்கப்படியே செய்யலாம்.)

தட்சிணாமூர்த்திக்கு வெள்ளை வஸ்திரம், வெண்மலர், வில்வம் போதும். அர்ச்சனைச் சீட்டை நீட்டிவிட்டு அவசரமாக நகராமல் அவருடைய வலது கையை நன்றாகப் பாருங்கள். அதுதான் சின்முத்திரை. கட்டைவிரல் இறைவன், சுட்டுவிரல் உயிர். மற்ற மூன்று விரல்களும் உயிரைக் கட்டிப்போடும் ஆணவம், கன்மம், மாயை. அந்த மூன்றையும் விட்டு விலகிய சுட்டுவிரல் வளைந்து கட்டைவிரலைத் தொடுகிறது. சைவ சித்தாந்தம் முழுவதும் அந்த ஒரு கையில் அடங்கியிருப்பதாகவே எனக்குப் படும். காலடியில் மிதிபட்டுக் கிடப்பவன் முயலகன், நம் அறியாமை. கீழே இருப்பவர்கள் சனகர் முதலான நான்கு முனிவர்கள். அவர் வாய்திறவாமலே செய்த உபதேசத்தைப் பெற்றவர்கள்.

அதனால் இங்கே சத்தமாக வேண்டாமல், வழியை மறிக்காத இடமாகப் பார்த்து ஐந்து நிமிடம் மௌனமாக உட்காருங்கள். படிக்கிற பிள்ளைகளையும் கூட்டிப் போய் அந்த முத்திரையைக் காட்டுங்கள்.