கேஜன் அக்கார்டியன் வாங்குறப்போ மரத்தைப் பாத்து ஏமாறாதீங்க

அக்கார்டியன்னு சொன்னதும் பியானோ கட்டை வச்சு தோள்ல மாட்டிக்கிற பெரிய பெட்டிதான் பலருக்கு ஞாபகம் வரும். கேஜன் அக்கார்டியன் அது இல்ல. அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல பிரெஞ்சு வம்சாவளி கேஜன் ஆளுங்க வாசிக்கிற சின்ன பெட்டி இது, வலது பக்கம் ஒரே வரிசையில 10 பட்டன், இடது பக்கம் பேஸுக்கு (தாழ்ந்த சுரம்) ஒண்ணு கார்டுக்கு (சேந்து ஒலிக்கிற சுரங்கள்) ஒண்ணுன்னு 2, பெட்டியோட தலைமேல இழுத்து அமுக்குற மாதிரி 4 ஸ்டாப், அதாவது ரீட் வரிசைகளைத் திறந்து மூடுற குமிழ், அவ்ளோதான். ஒரே பட்டன்ல துருத்தியை உள்ள தள்ளினா ஒரு சுரம், வெளிய இழுத்தா இன்னொரு சுரம். இவ்ளோ சின்ன விஷயத்துல என்ன பெரிய வித்தியாசம் இருந்துடப் போகுதுன்னு சிலர் இருக்கிறதுலயே மலிவானதை வாங்கிடுறாங்க, சிலர் நேர்மாறா பளபளன்னு இருக்குற ஒண்ணுக்கு பணத்தைக் கொட்டுறாங்க. ரெண்டு பேரும் பாக்க வேண்டியதைப் பாக்கல.

முதல் தவறு மரம். சுருள் சுருளா ரேகை ஓடுற மேப்பிள், வால்நட், அதுல பித்தளை வேலைப்பாடுன்னு போட்டோவுல பாத்தா கண்ணு அங்கதான் போகும். மரத்துக்கு பங்கே இல்லன்னு நான் சொல்லல, ஆனா சத்தம் பிறக்குறது ரீட்ல, அதாவது காத்து பட்டா அதிர்ற மெல்லிய எஃகு நாக்குல. ஒரு சுரத்துக்கு 4 ரீட், தாழ்ந்த ஸ்தாயியில ஒண்ணு, நடுவுல ரெண்டு, உச்சத்துல ஒண்ணு, ஆக வலது பக்கம் மட்டும் 10 பட்டன், தள்ள இழுக்க ரெண்டு திசை, நாலு ரீட்னு மொத்தம் 80. விலையில பெரிய பங்கு இந்த 80-லதான் உக்காந்திருக்கு. மெஷின்ல வெட்டின ரீடும் கையால சீர் செஞ்ச ரீடும் வெளியில இருந்து பாத்தா தெரியாது, வாசிச்சாதான் தெரியும்.

எப்படிப் பாக்கணும்னா, மூணு ஸ்டாப்பை மூடிட்டு தாழ்ந்த ரீடை மட்டும் திறந்து வச்சுக்கோங்க, முதல் ரெண்டு மூணு பட்டனை ரொம்ப மெதுவா, துருத்தியை லேசா மட்டும் அசைச்சு, தள்ளியும் பாருங்க இழுத்தும் பாருங்க. நல்ல ரீடுன்னா அந்த லேசான காத்துக்கே குரல் கொடுக்கும், மட்டமானதுன்னா முதல்ல "ஸ்ஸ்"னு காத்து போகும் அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு சுரம் வரும், இல்லன்னா பலமா தள்ளினாதான் வரும். இதே மாதிரி நாலு ஸ்டாப்பையும் தனித்தனியா பாத்துட்டுதான் மொத்தமா திறக்கணும், ஏன்னா நாலும் சேந்து கத்துறப்போ ஒண்ணு செத்துக் கிடந்தாலும் காதுக்குத் தெரியாது.

காத்துக்கசிவு இன்னொண்ணு. துருத்தி கட்டியிருக்கிற வாரை அவிழ்த்துட்டு, எந்த பட்டனையும் தொடாம ஒரு பக்கத்தை மேல பிடிச்சு மறுபக்கத்தை தொங்க விடுங்க, கீழ ஒரு கை காவலுக்கு இருக்கட்டும். மெல்ல மெல்ல இறங்கினா வேலை சுத்தம், பொத்துன்னு விரிஞ்சா எங்கயோ கசியுது. பட்டனோட மறுமுனையில துவாரத்தை மூடுற பேடு சரியா உக்காரலையா, துருத்தியும் பெட்டியும் சேருற இடமா, ஸ்டாப்போட பலகையான்னு தேடணும். கசியுற பெட்டியில எவ்ளோ நல்ல ரீட் இருந்தும் பிரயோஜனம் இல்ல, பாதி நேரம் காத்து பிடிக்கவே போயிடும்.

இப்போ வர்றது கொஞ்சம் விவகாரமான தவறு. போன்ல ட்யூனர் ஆப்பை வச்சு ஒவ்வொரு சுரமா பாத்துட்டு "ஸி (C) அக்கார்டியன்ல ஈ (E) சுரம் குறையுதே, சுருதி போயிடுச்சு, விலையைக் குறை"ன்னு பேரம் பேசுறது. அது குறையுறது இல்ல, வேணும்னே குறைச்சு வச்சிருக்கிறது. ஆப் பாக்குறது பியானோ கணக்கு, அதுல 12 இடைவெளியும் சமமா பங்கு போட்டிருப்பாங்க. சுத்தமா 5-க்கு 4 விகிதத்துல நிக்கிற காந்தாரம் அந்தக் கணக்கை விட ஏறக்குறைய 14 சென்ட் (அரைச் சுரத்துல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழ இருக்கும், ஸியை ஸட்ஜமா வச்சா ஈதான் காந்தாரம், தம்புராவை நல்லா சேத்து மீட்டினா தானா கேக்குமே, அந்த காந்தாரம்தான். ஸியையும் ஈயையும் சேத்து அமுக்கிப் பாருங்க, அதிராம ஒண்ணா கரைஞ்சு நின்னா அது கேஜன் சுருதி. எவ்ளோ குறைக்கணும்ங்கிறதுல செய்றவருக்கு செய்றவர் வேறுபாடு உண்டு, வாசிக்கிறவங்க விருப்பமும் உண்டு. ஆனா விஷயம் தெரியாம ஒரு பெட்டியை "சரி பண்ண" கொடுத்துடாதீங்க, ரீடை அரத்தால தேய்ச்சுதான் சுருதி மாத்துவாங்க, தேய்ச்ச எஃகு திரும்ப வராது.

இதே மாதிரி நடு ரீட் ரெண்டும் கேஜன் பெட்டியில கிட்டத்தட்ட ஒரே சுருதியில நிக்கும். ஃபேக்டரி பெட்டி சிலதுல ரெண்டையும் கொஞ்சம் விலக்கி வச்சிருப்பாங்க, கடையில கேக்குறப்போ அலை அலையா இனிமையாத்தான் இருக்கும், கேஜன் பாட்டுக்கு ஒட்டாது.

அப்புறம் இந்த பழசு மோகம். ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி ஜெர்மனியில இருந்து வந்த மோனார்க், ஸ்டெர்லிங் பேர் போட்ட சின்ன கறுப்புப் பெட்டிங்களுக்கு லூசியானாவுல தனி மரியாதை, நியாயமானதுதான். போர் வந்து வரத்து நின்னு போச்சு, அதுக்கப்புறம் 1940-கள் கடைசியில லேக் சார்ல்ஸ் ஊர்ல சிட்னி பிரௌன் சொந்தமா செய்ய ஆரம்பிச்சாரு, பின்னாடி யூனிஸ் ஊர்ல மார்க் சவாய் அகேடியன்ங்கிற பேர்ல செஞ்சாரு, அந்தப் பழைய பெட்டியைத்தான் எல்லாரும் மாதிரியா வச்சுக்கிட்டாங்க. அதுக்காக மோனார்க்னு எழுதியிருந்தாலே வாசிக்க நல்லா இருக்கும்னு அர்த்தம் இல்ல. அத்தனை வருஷத்துல ரீடை ஒட்டி வச்சிருக்கிற மெழுகு காஞ்சு வெடிச்சிருக்கும், ரீட் மேல இருக்கிற தோல் சுருண்டிருக்கும், அந்த ஊர் ஈரக்காத்துல எஃகு துருப்பிடிச்சிருக்கும். ஷோகேஸ்ல வைக்கவா வாசிக்கவான்னு முதல்லயே முடிவு பண்ணுங்க, ரெண்டுக்கும் விலை வேற.

"லூசியானாவுல கையால செஞ்சது"ங்கிறதையும் முழுசா அப்படியே எடுத்துக்காதீங்க. ரீட் பெரும்பாலும் இத்தாலியில இருந்து வரும், அதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல. கைவேலைங்கிறது பெட்டி, பட்டன் லிவர், பேடு, ஸ்டாப், அப்புறம் சுருதி சேக்குறது. அதனால ரீட் எந்தத் தரம்னு தனியா கேளுங்க, பட்டன் பத்தும் ஒரே ஆழத்துக்கு ஒரே பலத்துல இறங்குதான்னு விரல்ல பாருங்க.

பெட்டி எந்த சுருதிக்குச் செஞ்சதுங்கிறதும் ஒரு விஷயம். கூட்டத்துல சேந்து வாசிக்கணும்னா ஸி வாங்குங்க, அடுத்தபடி டி (D). ஸி பெட்டிக்கு தோதா ஃபிடில்காரங்க தந்தியை ஒரு முழு சுரம் இறக்கியே கட்டுறாங்க, நீங்க மலிவா கிடைச்சுதுன்னு வேற சுருதியில ஒண்ணைத் தூக்கிட்டுப் போனா ஓரமா உக்காந்து கேக்க வேண்டியதுதான். ஸியையும் டியையும் பக்கத்துல வச்சு "இது கணீர்னு இருக்கு, அதனால இதுதான் உசத்தி"ன்னு சொல்றதும் தப்பு, டி ரீட் சின்னது, அப்படித்தான் இருக்கும்.

பழைய பெட்டின்னா கேக்குற விலையோட சுருதி சேக்குற கூலி, மெழுகு மாத்துற கூலி எல்லாம் கூட்டிட்டுதான் புதுசோட ஒப்பிடணும். தூரத்துல இருந்து வாங்குறீங்கன்னா ஒவ்வொரு ஸ்டாப்பையும் தனியா திறந்து பத்து பட்டனையும் தள்ளி இழுத்து ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லுங்க. "எல்லாம் நல்லாதான் இருக்கு"ன்னு ஒரு வால்ட்ஸ் பாட்டை மட்டும் வாசிச்சு அனுப்பினா அந்த ஆளை விட்டுடுங்க.