எட்டுப் பெட்டி இருந்தால் எட்டு எண்: ஆஸ்திரேலியாவில் முதல் ஓட்டு போடப் போகிறவர்களுக்கு

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொரு தேர்தலுக்கும் டியூட்டி வரும். வாக்குச்சீட்டு காலத்தில் எண்ணும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறார். விடிய விடிய எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்ததும், அம்மா கொடுக்கும் காப்பியைக் குடித்துக்கொண்டே செல்லாத ஓட்டுக் கதைகளைச் சொல்லுவார். இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் முத்திரை குத்தியவர், யாருக்கும் மனவருத்தம் வரக்கூடாது என்று எல்லாச் சின்னத்திலும் குத்தியவர், சீட்டிலேயே கைநாட்டு வைத்தவர். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த வீட்டில் வளர்ந்த நான், இரண்டு டிகிரி முடித்து சிட்னியில் வேலை பார்க்கிற நான், 2025 மே 3-ஆம் தேதி ஒரு பள்ளிக்கூட ஹாலில் பென்சிலும் கையுமாக நின்று செல்லாத ஓட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன். அதுவும் பெருமையாக.

புதிதாக வருகிறவர்களுக்கு விசா, வீடு, மெடிகேர் பற்றியெல்லாம் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். ஓட்டு பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் அலுவல் சங்கதிகள். பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் விசா) வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது, குடியுரிமை வாங்கிய பிறகுதான். குடியுரிமை விழாவிலேயே பட்டியலில் சேர்வதற்கான வழி காட்டுவார்கள், இல்லையென்றால் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. வீடு மாறினால் முகவரியை மாற்றிவிடுங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை மாறுகிறோம், மறந்துவிடுகிறோம், அபராதக் கடிதம் பழைய வீட்டுக்குப் போகிறது. ஆமாம், அபராதம்தான். இங்கே ஓட்டு போடுவது கட்டாயம். தக்க காரணம் இல்லாமல் போடாவிட்டால் மத்திய தேர்தலுக்கு 20 டாலர், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலுக்கும் கவுன்சில் (உள்ளாட்சி) தேர்தலுக்கும் 55 டாலர். அன்றைக்கு வெளிநாட்டில் இருந்தால் அது தக்க காரணம்தான். 1922 தேர்தலில் 60 சதவீதம் பேர்கூட வரவில்லை, 1924-இல் சட்டம் போட்டார்கள், 1925-இல் 91 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டார்கள். ஊரில் பூத் சிலிப் கொடுத்து, ஆட்டோ அனுப்பி, இன்னும் என்னென்னவோ கொடுத்துக் கூட்டிவருகிறார்கள். இங்கே 20 டாலர் பயம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள் படிவம் 6ஏ மூலம் ஊர்ப் பட்டியலில் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் ஓட்டு போட நேரில்தான் போக வேண்டும். பாஸ்போர்ட்டை மாற்றி ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கிவிட்டால் அதுவும் போயிற்று. எனக்கு அந்தக் கையெழுத்தைப் போடும்போது வலிக்கவில்லை. அடுத்த சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் மை வைத்த விரலைப் படம் எடுத்துப் போட்டபோதுதான் வலித்தது.

ஓட்டு நாள் சனிக்கிழமை, காலை 8 முதல் மாலை 6 வரை. முன்கூட்டியே போடவும் வழி உண்டு. ஊரில் வாக்குச்சாவடிக்கு 100 மீட்டருக்குள் ஓட்டு கேட்கக்கூடாது. இங்கே மத்திய தேர்தலில் வாசலிலிருந்து 6 மீட்டர் தள்ளி நின்றால் போதும். அதனால் கேட்டிலேயே ஒவ்வொரு கட்சிக்காரரும் சிரித்த முகத்தோடு ஒரு சீட்டை நீட்டுவார், தங்கள் ஆளுக்கு எப்படி எண் போடுவது என்று அச்சடித்த சீட்டு. பக்கத்திலேயே பள்ளிப் பெற்றோர்கள் சாசேஜ் சுட்டு விற்பார்கள். சைவமென்றால் வெங்காயம் வைத்த பிரெட். உள்ளே அடையாள அட்டை கேட்கமாட்டார்கள்! பெயர் என்ன, முகவரி என்ன, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே ஓட்டு போட்டீர்களா, மூன்றே கேள்வி. பதில் சொன்னால் பெயரைக் குறித்துக்கொண்டு சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மையும் கிடையாது. வெளியே வந்து சுத்தமான விரலைப் பார்த்தபோது ஓட்டு போட்ட மாதிரியே இல்லை.

இயந்திரம் கிடையாது. காகிதம், அட்டைத் தடுப்பு, நூலில் கட்டிய பென்சில். பென்சில் பிடிக்கவில்லையென்றால் சொந்தப் பேனாவைக் கொண்டுபோகலாம். அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நமக்கு ஓட்டு என்றால் ஒன்று. ஒரு சின்னம், ஒரு பொத்தான், ஒரு பீப் சத்தம். இங்கே வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் பெட்டி இருக்கும், அதில் 1, 2, 3 என்று வரிசை எழுத வேண்டும். ஈழத்து நண்பர்களுக்கு விருப்பு வாக்கு பழகிய சொல். 2024 செப்டம்பரில் அங்கே ஜனாதிபதித் தேர்தலில் முதலில் வந்தவர் பாதியைத் தாண்டாமல் 42.31 சதவீதத்தில் நின்றதால், வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பத்தையும் எண்ணினார்கள். நமக்கு இது புதிது, அல்லது புதிது என்று நினைத்துக்கொள்கிறோம். 1969-இல் வி.வி. கிரி குடியரசுத் தலைவரானது இரண்டாம் விருப்பத்தை எண்ணித்தான். மாநிலங்களவைக்கு நம் எம்.எல்.ஏ.க்கள் இன்றும் இப்படித்தான் எண் எழுதுகிறார்கள். நமக்குத்தான் அந்தப் பழக்கம் வரவில்லை.

இனி நான் ஏமாந்த இடம். என்னுடைய முதல் ஓட்டு 2023 மார்ச் 25, மாநிலத் தேர்தல். வாசலில் ஒரு தொண்டர் "வெறும் 1 போட்டால் போதும்" என்றார். அது பொய்யில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் எழுதினாலே செல்லும், மற்றப் பெட்டிகள் உங்கள் இஷ்டம். போட்டேன், சுலபமாக இருந்தது. அதே வருஷம் அக்டோபர் 14 பூர்வகுடிகள் பற்றிய பொதுவாக்கெடுப்பு. அதில் எண்ணே இல்லை, ஆம் அல்லது இல்லை என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். டிக் போட்டால் ஆம் என்று எடுத்துக்கொள்வார்களாம், பெருக்கல் குறி போட்டால் செல்லாதாம். அதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது. 2024 செப்டம்பரில் கவுன்சில் தேர்தல், அது இன்னொரு விதி. இரண்டு வருஷத்தில் மூன்று ஓட்டு போட்டுவிட்டேன், நானும் இந்த ஊர்க்காரன்தான் என்ற மிதப்பு வந்துவிட்டது.

அப்புறம் 2025 மே 3, மத்தியப் பாராளுமன்றம். கையில் இரண்டு சீட்டு. செனட்டுக்கான, அதாவது மேலவைக்கான, வெள்ளைச் சீட்டு மேசையைத் தாண்டித் தொங்கும் நீளம். நடுவில் ஒரு கோடு, மேலே கட்சிகள், கீழே வேட்பாளர்கள். கொடுத்த பெண்மணி இரண்டையும் எப்படி நிரப்புவது என்று சொன்னார். செனட்டில் கோட்டுக்கு மேலே 6 எண் அல்லது கீழே 12 எண் என்று அவர் சொன்னது மட்டும்தான் காதில் ஏறியது, ஏனென்றால் அந்த நேரத்தில் சின்னவன் என் பேண்ட்டைப் பிடித்து சாசேஜ் வேண்டும் என்று இழுத்துக்கொண்டிருந்தான். செனட் சீட்டை ஒழுங்காக, ஆறு எண்ணும் போட்டேன். பிறகு பச்சைச் சீட்டு, கீழவைக்கானது, எங்கள் தொகுதியில் எட்டுப் பேர். எனக்குப் பிடித்தவருக்கு 1. மற்ற ஏழு பேரை யார் கண்டது? 'வெறும் 1 போட்டால் போதும்' என்ற இரண்டு வருஷத்துப் பழைய குரல் மண்டைக்குள் கேட்டது. மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்து குடும்பத்தோடு செல்ஃபி.

மறுநாள் ஒரு பிறந்தநாள் விருந்து. அங்கே யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர், ஒரு வேட்பாளருக்காக எண்ணும் இடத்தில் முகவராக உட்கார்ந்துவிட்டு வந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்டு மட்டும் போட்ட சீட்டு ஒரு கட்டு வந்தது தம்பி, அவ்வளவும் கழிவு" என்றார். நான் சிரித்துக்கொண்டே "அது செல்லுமே அண்ணா" என்றேன். அவர் கையில் இருந்த ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் அப்பிடியே போட்டனீங்கள்?"

மத்தியக் கீழவைக்கு எல்லாப் பெட்டியையும் நிரப்ப வேண்டும். எட்டு இருந்தால் 1 முதல் 8 வரை. ஒரே எண் இரண்டு இடத்தில் வரக்கூடாது, நடுவில் எண் விட்டுப்போகக்கூடாது. கடைசிப் பெட்டி ஒன்று மட்டும் காலியாக இருந்தால் அதுதான் கடைசி எண் என்று எடுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் கருணை கிடையாது. செனட்டில் கோட்டுக்கு மேலே 1 மட்டும் போட்டிருந்தாலும் செல்லுபடியாக எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது, ஆட்சியைத் தீர்மானிக்கிற பச்சைச் சீட்டில் இல்லை. ஒரே நாடு, ஒரே வாக்காளர், ஆனால் எங்கள் மாநிலத் தேர்தலுக்குப் போனால் 1 செல்லும், மத்தியத்துக்குப் போனால் செல்லாது. இதை யார் யோசித்து வைத்தார்களோ. சீட்டின் தலைப்பில் அச்சடித்திருக்கிறது என்று சொல்லாதீர்கள், அதுதான் என் மனைவியும் சொன்னாள். அவள் படித்தாள், எட்டும் போட்டாள்.

நான் மட்டும் இல்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல். 2025-இல் நாடு முழுவதும் 5 சதவீதத்துக்கு மேல் செல்லாத ஓட்டு. குடியேறியவர்கள் நிறைந்த மேற்கு சிட்னிப் பக்கம் எப்போதும் இது கூடுதல், 2013-இல் ஃபௌலர் தொகுதியில் 10 சதவீதத்தையும் தாண்டியது. 20 டாலர் பயத்தில் வரிசையில் நின்று, ஓட்டைக் கொண்டுபோய் குப்பையில் போட்டுவிட்டு வருகிறோம்.

ஏன் எல்லா எண்ணும் கேட்கிறார்கள் என்று புரிந்தால் மறக்காது. மாலை 6 மணிக்குக் கதவை மூடியதும் அந்த ஹாலிலேயே பெட்டியைக் கொட்டி எண்ண ஆரம்பிக்கிறார்கள். ஊரில் மாதிரி சீல் வைத்த அறை, நாள் கணக்கில் காவல், 14 மேசை, சுற்றுக்குச் சுற்று டிவியில் முன்னிலை எல்லாம் கிடையாது. முதலில் 1 யாருக்கு என்று பிரிப்பார்கள். யாருக்காவது பாதிக்கு மேல் இருந்தால் அவர் ஜெயித்தார். இல்லையென்றால் கடைசியில் இருப்பவரைத் தூக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளில் 2 யாருக்கோ அவர்களுக்குப் பகிர்வார்கள். அடுத்த கடைசி ஆள். இப்படி ஒருவர் பாதியைத் தாண்டும் வரை. தபால் ஓட்டுகள் வந்து சேர 13 நாள் அவகாசம் இருப்பதால், இழுபறித் தொகுதியில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஊரில் இருந்து பார்த்தால் இது அநியாயமாகத் தெரியும். 2018 அக்டோபரில் சிட்னியின் வென்ட்வொர்த் தொகுதி இடைத்தேர்தலில் இந்திய வம்சாவளியான டேவ் சர்மா 43 சதவீதம் வாங்கி முதலில் நின்றார். சுயேச்சை கெரின் பெல்ப்ஸ் வாங்கியது 29. ஜெயித்தது பெல்ப்ஸ், மற்றவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த எண்கள் அவர் பக்கம் சாய்ந்தன. 'முதல் ரவுண்டில் 14 சதவீதம் முன்னால் இருந்தவன் தோற்பானா' என்று அப்பா போனில் அன்றைக்கு அரைமணி நேரம் வாதாடினார். செனட் கணக்கு மட்டும் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. ஒரு மாநிலத்துக்கு ஆறு இடம் என்றால் ஏழில் ஒரு பங்கும் ஒரு ஓட்டும் வாங்கினால் ஜெயிப்பு. தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ.க்கள், ஒரு தடவைக்கு ஆறு மாநிலங்களவை இடம், ஜெயிக்க ஆளுக்கு 34 ஓட்டு. "அட, நம்ம கணக்குதாண்டா" என்றார்.

விருந்தில் இன்னொருவர் கேட்டார், பிடிக்காதவனுக்கு எட்டாம் எண் போட்டாலும் அது அவனுக்கு ஓட்டுதானே என்று. இல்லை. அதற்கு முன் ஏழு பேர் இருக்கும்போது எட்டாவது எண்ணுக்கு வேலையே வராது. 2 போட்டால் 1 பலவீனமாகுமா? அதுவும் இல்லை, 1 களத்தில் இருக்கும் வரை 2-ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேரே தெரியாத நாலு பேர் இருந்தால்? கட்சிச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள், அல்லது நடுவில் மேலிருந்து கீழாக நிரப்பிவிடுங்கள். எல்லாப் பெட்டியையும் அப்படி மேலிருந்து கீழாக நிரப்பினால் அதற்கு இங்கே கழுதை ஓட்டு என்று பெயர். கழுதை ஓட்டும் செல்லும், என் ஓட்டுதான் செல்லவில்லை.

போடும் முன் பெட்டிகளை எண்ணுங்கள், போட்ட பின் எண்களை எண்ணுங்கள். தவறிவிட்டால் வெட்கப்படாமல் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள், பழையதை வாங்கிக்கொண்டு புதுச் சீட்டு தருவார்கள். பெட்டியில் போட்டுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஊரிலிருந்து வந்து குடியுரிமை வாங்கிய பெற்றோர் இருந்தால் முதல் நாள் இரவே ஒரு வெள்ளைத் தாளில் எட்டுக் கட்டம் போட்டு எழுதிப் பழக்குங்கள், சீட்டில் தமிழ் இருக்காது.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்பவர்களுக்கு: அதே 2025 தேர்தலில் வடக்கு சிட்னியின் பிராட்ஃபீல்டு தொகுதியில் முதலில் ஒருவர் 8 ஓட்டு முன்னால் இருந்தார். மறுபடி முழுக்க எண்ணியதில் மற்றவர், நிகோலெட் போயெல், 26 ஓட்டில் ஜெயித்தார். நான் அந்தத் தொகுதி இல்லை, நல்லவேளை. அந்தத் தொகுதியாக இருந்திருந்தால் தூக்கம் வந்திருக்காது.

அப்பாவிடம் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "ஏய் இங்க வா, உன் மகன் ஒரு செல்லாத ஓட்டுக் கதை வெச்சிருக்கான்."