ஷெட்ல நின்ன பழைய கார் ஸ்டார்ட் ஆகலையா? புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி எர்த்த பாருங்க

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகள்ல பழைய அம்பாசிடர் காரும் பத்மினி காரும் இன்னும் நிக்குது. வீட்டுக்காரவுக சென்னைலயோ வெளிநாட்டுலயோ இருப்பாக, பொங்கலுக்கோ, முன்னோருக்கு கும்பிடுற படைப்புக்கோ வந்து ஷெட்ட தொறந்து சாவிய போட்டா சத்தமே வராது, உடனே பக்கத்துல நிக்கிறவுக "பேட்டரி போச்சு, புதுசு போட்ருங்க"ன்னு சொல்லிருவாக. நான் பார்த்த வரைக்கும் இந்த மாதிரி வண்டில பெரும்பாலும் கெட்டுப்போறது இணைப்பு தான், பார்ட் நல்லாவே இருக்கும். அதனால காச எடுக்குறதுக்கு முன்னாடி கரண்ட் எந்த இடத்துல தொலையுதுன்னு தேடணும். கையில ஒரு சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்புல ரெண்டு ஒயர் வச்ச டெஸ்ட் லேம்ப், ஸ்பானர், உப்புத்தாள், கொஞ்சம் வாசலின் இருந்தா போதும்.

வேலைய ஆரம்பிக்கிறப்ப ஹேண்ட் பிரேக் போட்டு கியர நியூட்ரல்ல வைங்க. செயின், மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிருங்க. பேட்டரில இருந்து ஹைட்ரஜன் வரும், அதனால பக்கத்துல பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். கழட்டுறப்ப எர்த் கேபிள் (பேட்டரில இருந்து வண்டி பாடிக்கு போறது) முதல்ல, மாட்டுறப்ப அது கடைசில. ரொம்ப பழைய வண்டி சிலதுல பாசிடிவ் தான் பாடில எர்த் ஆகிருக்கும், அதனால எந்த கேபிள் பாடிக்கு போகுதுன்னு கண்ணால பார்த்துட்டு கை வைங்க.

முதல் படி, காது. ஹெட்லைட்ட போட்டுட்டு சாவிய திருப்புங்க. லைட் பொசுக்குன்னு மொத்தமா அணைஞ்சா பேட்டரி டெர்மினல்ல காண்டாக்ட் இல்ல. டக்டக்டக்னு அடிச்சு லைட் மங்குனா பேட்டரில சார்ஜ் கம்மி, இல்லன்னா எங்கயோ லூஸ். லைட் அப்படியே பளிச்சுன்னு இருந்து சத்தமும் இல்லன்னா கரண்ட் செல்ஃப் மோட்டாருக்கே போகல, சாவி சுவிட்சையும் சாலினாய்டையும் (சாவி திருப்புனா செல்ஃபுக்கு பெரிய கரண்ட தொறந்து விடுற சுவிட்ச்) பார்க்கணும். செல்ஃப் நல்லா சுத்தி இன்ஜின் மட்டும் பிடிக்கலன்னா அது வேற கதை, கீழ வர்றேன்.

ரெண்டாவது, பேட்டரி. கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு ரெண்டு டெர்மினல்லயும் மீட்டர வைங்க. 12.6 வோல்ட் இருந்தா ஃபுல், 12.4 பரவால்ல, 12.0னா கிட்டத்தட்ட காலி, சார்ஜ் போடாம மேற்கொண்டு எதையும் டெஸ்ட் பண்ணாதீங்க. சாவிய திருப்புறப்ப 9.6க்கு கீழ இறங்கக் கூடாது. நம்ம ஊர் வெயில்ல தண்ணி சீக்கிரம் வத்தும், தட்டு வெளிய தெரிஞ்சா டிஸ்டில்ட் வாட்டர் தான் ஊத்தணும், ஆசிட் ஊத்தக் கூடாது.

மூணாவது தான் எனக்கு முக்கியமா படுறது, இங்க நிதானமா செய்ங்க. டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பொடி பூத்திருந்தா கேபிள கழட்டிட்டு வெந்நில ஆப்ப சோடா கலந்து, செல் மூடிக்குள்ள போகாம ஊத்தி கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் வச்சு ஈயம் பளபளன்னு தெரியுற வரைக்கும் தேய்ங்க. வெளில சுத்தமா தெரிஞ்சாலும் கிளாம்புக்கு உள்பக்கம் கறுப்பா ஒரு படலம் இருக்கும், அதையும் எடுக்கணும். மாட்டி முறுக்கின பிறகு மேல வாசலின் தடவுங்க.

அப்புறம் எர்த். பள்ளத்தூர்ல ஒரு ஆச்சி வீட்டு அம்பாசிடர், "புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது தம்பி"ன்னாக. ரெண்டு தடவ சாவிய திருப்பிட்டு சோக் கேபிள தொட்டா சுடுது. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, அதுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு பின்னல் பட்டை இருக்கும், அது போச்சுன்னா அவ்வளவு கரண்டும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா தான் திரும்பி வரும். அங்க பட்டை இருந்துச்சு, ஆனா போல்ட்டுக்கு அடியில துருவும் பெயிண்டும் செம்மண்ணும் தான் இருந்துச்சு. தேய்ச்சு மாட்டுனதும் ஒரே திருப்புல எடுத்துருச்சு.

இத நீங்க மீட்டர்லயே பிடிக்கலாம். காயிலுக்கு (பிளக்குல பொறி வர கரண்ட ஏத்தி கொடுக்குறது) போற சின்ன ஒயர கழட்டிருங்க, இன்ஜின் ஓடாது. மீட்டர்ல ஒரு முனைய பேட்டரி எர்த் போஸ்ட்லயே (பேட்டரி மேல நீட்டிட்டு இருக்குற ஈயக் குமிழ்) வைங்க, கிளாம்புல வேண்டாம், இன்னொரு முனைய இன்ஜின் பிளாக்ல. ஒருத்தர செல்ஃப் அடிக்க சொல்லுங்க. 0.2, 0.3 வந்தா நல்லது, 1 வோல்ட், 2 வோல்ட்னு காட்டுனா அந்த வழியில தான் கோளாறு. அதே மாதிரி இன்னொரு போஸ்ட்ல இருந்து செல்ஃப் மோட்டார்ல தடிச்ச கேபிள் மாட்டுன போல்ட்டுக்கு, அங்க 0.5 வரைக்கும் ஒத்துக்கலாம். சாலினாய்டு சின்ன ஒயர்ல சாவி திருப்புறப்ப டெஸ்ட் லேம்ப் எரியலன்னா சாவி சுவிட்ச், இல்ல நடுவுல எலி கடிச்சிருக்கும்.

எலி கடிச்ச ஒயர முறுக்கி டேப் சுத்தாதீங்க, தயவுசெஞ்சு. அதே கனத்துல ஒயர் வாங்கி ஈயம் வச்சு சால்டர் பண்ணுங்க, இல்லன்னா லக் (ஒயர் முனைல மாட்டுற உலோக மூடி) போட்டு அழுத்துங்க. ஃபியூஸ் போச்சுன்னு சிகரெட் பெட்டி ஜிகினா தாள சுத்தி வைக்கிறதும் அப்படித்தான், ஃபியூஸுக்கு பதிலா ஒயரிங்கே எரிஞ்சிரும், வண்டியோட ஷெட்டும் போகும்.

செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கலயா? கழட்டுன காயில் ஒயர மாட்டிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட பிரிச்சு அனுப்புறது) மூடிய தொறந்து பாயிண்ட்ட, அதாவது உள்ள தொறந்து மூடுற சின்ன காண்டாக்ட்ட பாருங்க. ரொம்ப நாள் நின்ன வண்டில பாயிண்ட் மேல மெல்லிசா படலம் பிடிச்சு கரண்ட் போகாது, நைஸ் உப்புத்தாள்ல ஒரு இழுப்பு, அப்புறம் சுத்தமான துணி. பெட்ரோல் அம்பாசிடருக்கு பாயிண்ட் கேப் 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட் சீக்கிரமே கருகுதுன்னா பாயிண்ட்டோட இருக்குற கண்டென்சர மாத்துங்க, ரேட் கம்மி தான்.

ராத்திரி நல்லா இருந்து காலைல பேட்டரி காலின்னா எங்கயோ கசியுது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு எர்த் கேபிள கழட்டி, போஸ்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவுல டெஸ்ட் லேம்ப மாட்டுங்க. பழைய வண்டில கம்ப்யூட்டர் கிடையாது, பல்பு எரியவே கூடாது. எரிஞ்சா ஃபியூஸ ஒவ்வொண்ணா உருவுங்க, எத உருவுனா அணையுதோ அந்த லைன் தான். ஃபியூஸ் எல்லாம் உருவியும் எரிஞ்சா டைனமோ கட்-அவுட் (டைனமோ நின்னா பேட்டரிய பிரிச்சு விடுற சுவிட்ச்), இல்ல ஆல்டர்னேட்டர் ஒயர கழட்டி பாருங்க.

கடைசில வண்டி ஓடுறப்ப பேட்டரில 13.8ல இருந்து 14.4 வரணும். டைனமோ வண்டின்னா ஐட்லிங்ல சார்ஜ் லைட் லேசா மின்னுறது சகஜம், ஆக்சிலரேட்டர் கொடுத்தா அணையணும். சார்ஜ் ஏறுதான்னு பார்க்க ஓடுற வண்டில பேட்டரி கேபிள உருவுற பழக்கம் நம்ம பக்கம் நிறைய பேருக்கு இருக்கு, ஆல்டர்னேட்டர் வண்டில அத செஞ்சா டயோடு போயிரும், மீட்டர வச்சே பாருங்க.